டோக்கியோவில் என்னை ஏற்ற வந்தவர்

"எயர்போர்ட்டுக்கு உன்னை ஏத்த ஆர் வருகினம்?" என்று ஒஸ்லோவில், புருசெத் வீட்டில் அம்மா கேட்டபோது, "ஒருத்தரும் வேண்டாம், ஜப்பானிலை ரயில் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று டோக்கியோவில் இறங்கி, ஹோட்டல் வரை தனியாகவே ரயிலில் வந்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஹோட்டல் வாசலில் ஒருவர் மூச்சிரைக்க என் பின்னால் வந்தார். அம்மாவின் சிநேகிதியின் மருமகனாம்.

"தம்பி, உங்களைக் கூட்டிக்கொண்டு வரத்தான் எயர்போர்ட்டுக்கு வந்தனான். நீங்கள் பாக்காமல் ரயிலிலை ஏறிட்டியள். நானும் அதே பெட்டியிலைதான் வந்தனான்."

"கூப்பிட்டிருக்கலாமே அண்ணை?"

"சரியான நெரிசல். இஞ்சை ரயிலுக்கை ஆரும் சத்தம் போடுறேல்லை."

அவர் கையில் எனக்கென்று சோற்றுப் பார்சல் வேறு.

ஒஸ்லோ நண்பர்களே, அம்மாவுக்கு ஆள் இல்லாத ஊர் ஒன்று தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு அங்கே போகிறேன்.