பூசையில் வைத்த பென் டிரைவ்

நாகலெட்சுமி அடுத்தவர் வாய் வைத்த கோப்பையில் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே பீலிக் குழாயின் தண்ணிதான். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் விளங்கவில்லை.

"என் வயித்துல ஒரு தொரசானி வந்து பொறந்திருக்கா. பீலியக்கூட கழுவிட்டுத்தான் தண்ணி புடிப்பா" என்று தாய் பேச்சியம்மா ஊர் கேட்கவே சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஹட்டன் பஜாரில் போனும் இன்டர்நெட்டும் வாடகைக்கு விடும் ராமநாதன் முதலாளியின் கொமினிகேஷன் கடையில் தமிழ் டைப் செய்வது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து தப்பித்து வந்தால், அவளுக்கு விட்ட இடம் கக்கூஸ் சுவரை ஒட்டிய மூலை. கீபோர்டில் வெற்றிலைச் சாறு. இடுக்குகளில் யாருடையதோ தலைமுடி. மவுஸைப் பிடித்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஆம்பிளைகள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போன படங்களை மூடுவதும் அவள் தலையில்தான். தினமும் டெட்டோல் துணியோடு துடைப்பாள். மறுநாள் வந்தால் மறுபடி பிசுபிசுப்பு.

2007இல்தான் அவளுக்கு அந்த வழி தெரிய வந்தது. ஒரு பென் டிரைவ் வாங்கி, அதற்குள்ளிருந்தே ஓடக்கூடிய மென்பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டாள். எழுத ஒன்று, இன்டர்நெட் பார்க்க ஒன்று, படங்களைத் திறக்க ஒன்று. எந்தக் கணினியிலும் எதையும் பதிக்க வேண்டியதில்லை. செருகினால் போதும், அவள் வைத்தது வைத்தபடி திறக்கும். அடுத்தவன் அழுக்குக்கு நடுவில் தனக்கென்று ஒரு கோப்பை கிடைத்த மாதிரி இருந்தது.

முதலாளி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நெற்றியில் பட்டை, வாயில் வெற்றிலை.

"என்னா லெச்சுமி, தனிக்குடித்தனமா?"

"ஆமாங்க மொதலாளி. இதுல வேல செஞ்சா கட மெஷின்ல ஒண்ணும் தங்காதுங்க."

"ஒண்ணுமே தங்காதா?"

"தங்காதுங்க."

எல்லாம் பென் டிரைவிலேயே தங்கும் என்பது மீதிப் பாதி. அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. "தொழில் பண்ற சாமான் எல்லாத்தையும் வைக்கணும். ஒன்னோடதையும் குடு" என்று முதலாளி கை நீட்டினார். அவள் யோசிக்காமல் கொடுத்தாள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் எடுப்பதில்லை. தோட்டத்தில் கள் குடித்துவிட்டு மூட்டை மாதிரி விழுந்து கிடப்பவன்கூட அன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொட மாட்டான்.

மறுநாள் சந்தனமும் குங்குமமுமாகத் திரும்பி வந்தது. பென் டிரைவின் வாய்க்குள் அப்பியிருந்த சந்தனத்தை ஊசியால் சுரண்டி எடுத்தாள். சாமி காரியம் என்று பொறுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க டைப் வேலைதான், இன்டர்நெட் திறக்கத் தேவை வரவில்லை.

அடுத்த வாரம் நுவரெலியாவில் நேர்முகம். பெண்கள் பயிற்சி நிலையம் ஒன்றுக்குத் தமிழில் கணினி சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. கிடைத்தால் அந்த மூலையை விட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் அதே மூலை, இல்லையென்றால் மறுபடி கொழுந்துக் கூடை. நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து ஜெகதீஸ்வரி டீச்சர்.

"எங்க, உம்மட பென் டிரைவைப் போட்டுக் காட்டும் பாப்பம்."

செருகி, இன்டர்நெட் பார்ப்பதைத் திறந்தாள். போன தடவை பாதியில் நின்றுவிட்டது, திறந்திருந்த பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரவா என்று அது கேட்டது. தன்னுடைய பக்கம்தானே என்று ஆம் கொடுத்தாள். மெதுவான லைன். படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. முதலில் தலைமுடி. நெற்றி. கண். வெறும் தோள். அதற்கு மேல் இறங்குவதற்குள் அவள் திரையை அணைத்துவிட்டாள்.

"என்ன பிள்ளை இது?"

"என்னோடது இல்லீங்க டீச்சர்."

"உம்மட கையிலதானே கொண்டு வந்தனீர்?"

"ஆயுத பூசைக்கு சாமிகிட்ட வச்சிருந்தேங்க."

"சாமி கேட்டவரோ, முதலாளி கேட்டவரோ?"

நாகலெட்சுமிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அன்று ஊசி பிடித்துச் சந்தனம் சுரண்டிய விரலைச் சேலையில் துடைத்தாள்.

"இதுல பாத்தா மெஷின்ல தங்காதுன்னு நான்தாங்க அவருகிட்ட சொன்னேன். இதுலயே தங்கும்னு சொல்லல."

டீச்சரின் உதடு கோணியது. சிரிப்பா அருவருப்பா என்று பிடிபடவில்லை.

"படிக்க வாற பிள்ளையளுக்கு அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லும். இப்ப முழுக்க அழிச்சுப்போட்டு, என்ர கண்ணுக்கு முன்னால திரும்பப் போடும்."

அழித்தாள். அந்த மெதுவான லைனில் எல்லாவற்றையும் மறுபடி இறக்கிப் போட்டு முடிக்கப் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. டீச்சர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அடுத்த மாசத்தில இருந்து வாரும். இனி இதைச் சாமிக்கும் குடாதையும்."

வெள்ளிக்கிழமை கடையில் பூசை முடிந்திருந்தது. முதலாளி புதுப் பட்டையோடு சுண்டல் தட்டை நீட்டினார்.

"எடுத்துக்க லெச்சுமி. பிரசாதம்."

"பூச ராத்திரி என் பென் டிரைவ அவசரத்துல புடுங்கிட்டீங்க மொதலாளி. நீங்க பாத்த பக்கம் மூடல. நுவரெலியாவுல, டீச்சர் முன்னால தொறந்துக்கிச்சு."

தட்டு அந்தரத்திலேயே நின்றது. அவர் மென்றுகொண்டிருந்த வாயும் நின்றது. நாகலெட்சுமி மேசைக்கு அடியிலிருந்து தன் கோப்பையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். டெட்டோல் துணியைக் கீபோர்டின் மேலேயே விட்டாள்.

"நான் வேலய விட்டுப் போறேங்க. மவுஸ இனி நீங்களே தொடச்சுக்குங்க."