தெருக்குத்து வீட்டுக்கு ஏலம்

அண்ணனூரில் அப்பா கட்டிய வீட்டை விற்பதென்று நானும் தம்பியும் முடிவெடுத்தபோது, முதலில் ஒரு புரோக்கரிடம்தான் போனோம். அந்தப் பக்கம் எந்த மனை கைமாறினாலும் அவர் இல்லாமல் நடக்காது என்றார்கள். வந்தார். எதிரே நேராக நீளும் தெருவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எக்கா, இது தெருக்குத்து ஊடு. தெரு நேரா வந்து வாசல்ல முட்டுது பாருங்க. எவனும் வாங்க மாட்டான். நாப்பது லட்சம்னா நான் பேசி முடிச்சித் தரேன்."

இரண்டு மாதத்தில் மூன்று பேரை அழைத்து வந்தார். ஒருவரும் மாடிக்குக்கூட ஏறவில்லை. தெருக்குத்து என்றார்கள், நாற்பது என்றார்கள். மூன்று வாயிலிருந்தும் ஒரே எண் வந்ததும் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் ஆவடி தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். சொல்லிக்கொடுத்ததைப் பேசுகிற முகம் எனக்குத் தெரியும்.

அன்றே தம்பியிடம் சொன்னேன்: "நாமே ஏலம் விடலாம்டா."

"கடன் கட்டாதவன் வீட்டைத்தாங்க்கா ஏலம் விடுவாங்க. தெருவுல என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். பத்து பேர் ஒரே இடத்துல உக்காந்து கேட்டா நிஜமான விலை வெளிய வந்துடும்."

வக்கீலிடம் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டிச் சரிபார்த்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டிலேயே ஏலம், நாற்பத்தைந்து லட்சத்திலிருந்து ஆரம்பம் என்று எழுதி கேட்டில் ஒட்டினேன். தெரு வாட்ஸப் குழுவிலும் போட்டேன். சனிக்கிழமை பத்து நாற்காலி வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் போட்டேன். ஒருவரும் வராவிட்டால்?

பதினோரு பேர் வந்தார்கள். வாடகை நாற்காலி போதவில்லை. புரோக்கரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டியதும் பலர் ஒதுங்கிவிட்டார்கள். ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண், பட்டாபிராமிலிருந்து கணவரோடு வந்தவர், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஐம்பத்திரண்டு என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்பத்தி மூணு."

புரோக்கர்!

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "இன்னா அண்ணாத்தே, எவனும் வாங்க மாட்டான்னு சொல்லிக்கினு இருந்தியே, இப்போ நீயே கேக்குற?"

கூடமே சிரித்தது. புரோக்கர் தரையைப் பார்த்தார். ஆனாலும் வீட்டின் மேல் இருந்த ஆசை அவரை விடவில்லை. ஐம்பத்தெட்டு வரை ஏறினார். அந்தப் பெண் கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அறுபதுங்க" என்றார்.

மூன்று முறை கேட்டேன். அறுபதுக்கு முடிந்தது. புரோக்கர் செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார். யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

"தெருக்குத்துன்னு பயமா இல்லையாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"எதிர்ல எந்த வீடும் மறைக்கல. காத்து எப்படி வருது பாருங்க" என்றார். கணவர் அதற்குள் மாடிக்கு ஏறி அறையை அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பத்திரப்பதிவு முடிந்த கையோடு நானும் தம்பியும் ஒரு ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். தம்பி போனில் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அக்கா தனியா நின்னு ஏலம் விட்டாங்க." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னேன்.