ஞானாம்பாளின் பதினோரு படங்கள்

பதினான்கு ஏக்கர் கொறங்காட்டை மொட்டையாக வழித்தெடுத்துவிட்டு, அங்கே கட்டிய பனியன் கம்பெனி வாசலில் நாலு வேப்பங்கன்று நட்டார்கள். அதைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வீரபாண்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் நான், அப்புசாமியைக் கூப்பிடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசலில் நின்று, கொஞ்சம் சிரிங்க என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காட்டில் என்ன இருந்தது என்று படம் பிடித்துக் காட்டியவர் ஞானாம்பாள். இன்றைக்கு அவர் பேரைச் சொன்னால், ஸ்டிக்கர் ஒட்டிக் காரியத்தைக் கெடுத்த பொம்பளைதானே என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிகிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதற்கு அப்புறமும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்.

வீரபாண்டிக்குத் தெற்கே, அந்தக் கொறங்காட்டை ஒட்டித்தான் ஞானாம்பாளின் வீடு. கொறங்காடு என்றால் ஒன்றுக்கும் ஆகாத பொட்டல் என்று டவுன்காரர்கள் நினைக்கிறார்கள். அது மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் எழும்பும், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம் நிற்கும், சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கிளுவை முள்வேலி. நிலம் கோயமுத்தூரில் இருந்த ஒருவருடையது. ஞானாம்பாளின் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் அதைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளாடு மேய்த்தார். ஞானாம்பாள் பனியன் கம்பெனிக்குப் போனார்.

கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை, இருபத்தோரு வருசமாக. தைத்து வரும் பீஸுக்குள் கையை விட்டு விரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்புக்குறி ஒட்டின பீஸ் ரிஜெக்ட். அதை வெளியில் யாரும் விற்றுவிடக் கூடாது என்று கத்தரியால் குறுக்கே வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிடுவார்கள். ஞானாம்பாள் தள்ளினால் தள்ளினதுதான், இரண்டாவது ஆள் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை என்று கம்பெனியில் பேர் எடுத்திருந்தார். அந்த நல்ல பேர்தான் கடைசியில் அவர் தலையில் கல்லைப் போட்டது.

இரண்டாயிரத்து ஆறில் கோயமுத்தூர்க்காரர் கொறங்காட்டை விற்றுவிட்டார். வாங்கியது ஞானாம்பாள் வேலை பார்த்த அதே கம்பெனி. புது பில்டிங் கட்டப் போகிறார்கள் என்றதும் அவர்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு கண்டிஷன் போட்டார். கட்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அரிதானது ஏதாவது இருந்தால் அதற்கு இடம் விட வேண்டும். அதற்காகக் கோயமுத்தூரில் காட்டுப்பூனைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அனுசுயா என்ற பெண்ணைக் கூட்டி வந்தார்கள். முதலாளி அந்தப் பெண்ணையும், காட்டை நன்றாகத் தெரிந்தவர் என்று ஞானாம்பாளையும் வேலியோரமாக நிறுத்திவைத்து, "பூனை இருக்குதுன்னு காட்டுங்க, வடக்கால அஞ்சு ஏக்கரையும் வேலியையும் தொட மாட்டேன்" என்று சொன்னார். பத்துப் பேர் கேட்க வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது.

பூனை இருக்கிறது என்று ஞானாம்பாளுக்கு முன்னமே தெரியும். வீட்டுப் பூனையில் பாதிகூட இருக்காது. முதுகில் துருப்பிடித்த மாதிரி வரிசையாகப் புள்ளி. பகலில் கண்ணில் படாது. கிளுவை வேர்ப் பொந்தில் கிடந்துவிட்டு, இருட்டினால் எலி பிடிக்கக் கிளம்பும். அவர் அதை வேலிப்பூனை என்பார். உலகத்தில் இருக்கிற காட்டுப்பூனைகளிலேயே மிகச் சின்ன இனங்களில் இது ஒன்று என்று அனுசுயா சொன்னபோது, இத்தனை வருசம் நம் கோழிக்குஞ்சைத் தூக்கினது அத்தனை பெரிய ஆளா என்று ஞானாம்பாள் கேட்டாராம்.

அனுசுயா ஆறு கேமராக்களை வேலியோரத்தில் கட்டினார். சூடுள்ள உடம்பு ஏதாவது குறுக்கே போனால் தானாகவே படம் எடுக்கும் கேமரா. அப்போதெல்லாம் ஃபிலிம் ரோல்தான், ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். அனுசுயாவால் வாரத்தில் ஒரு நாள்தான் வர முடிந்தது. ரோல் மாற்றுவது, பேட்டரி போடுவது, லென்ஸை பனியன் துணியால் துடைப்பது எல்லாம் ஞானாம்பாள். விடிந்தும் விடியாமலும் முள்ளுக்குள் குனிந்து போய் அதைச் செய்துவிட்டு எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடுவார். இரண்டு மாதம் ஒரு நாளும் தவறவில்லை.

ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட என்னிடம்தான் வருவார். முதல் மூன்று வாரம் நான் பண்ணாத கேலி இல்லை. வெள்ளாடு, தெருநாய், பொங்கியண்ணனின் வேட்டி, ஞானாம்பாளின் இரண்டு கால், மீதியெல்லாம் வெறும் புல். அம்மிணி, உங்க காலுக்கு ஒரு ஆல்பம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு படமாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது வாரம் ஒரு படத்தை என் முன்னால் தள்ளி ஒரு மூலையில் நகத்தை வைத்தார். "அண்ணா, இது நெழலில்லீங்க. பூனைங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் புல்லுக்குள் ஒரு முதுகும், ஒரு புள்ளி வரிசையும், பாதிக் காதும் தெரிந்தன. முப்பது வருசம் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான், எனக்குப் படாதது அந்தம்மா கண்ணில் பட்டது. அப்புறம் வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் புள்ளி சேர்ந்து ஓடுது, அதில் விட்டு விட்டு ஓடுது, இரண்டும் வேற வேற பூனை என்றார். அனுசுயா வந்து பார்த்துவிட்டு அதுதான் சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி ரோலில் ஒரு படம் இருந்தது. தாய்ப்பூனை வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு வேலிப் பொந்துக்குள் நுழைகிறது. அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, கேலி பண்ணினதற்கு வெட்கம்.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு படம். பூனை இருந்தது பதினோரு படத்தில்.

அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் சிக்குன்குனியா. அனுசுயாவுக்கும் வந்துவிட்டது. கை விரலை மடக்க முடியவில்லை, ரிப்போர்ட் எழுத பத்து நாள் ஆகும் என்று என் ஸ்டுடியோ போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள், அதனால் படங்களை மட்டும் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட் பின்னால் வரும் என்றார். ஞானாம்பாள் என் கடை மேஜையில் உட்கார்ந்து படங்களை அடுக்கினார். இத்தனை புல்லுக்குள் பூனை எங்கே இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரருக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குக் கவலை. பையிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தார். பதினோரு படத்திலும் பூனை இருக்கிற இடத்தைக் காட்டி ஒவ்வொன்று ஒட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கண் தெரியாதவனுக்குக்கூட இனித் தெரியும் அம்மிணி என்று பாராட்டினேன். டீக்கடைக்காரர்கள் சிரிக்க வேண்டும் என்றால் என்னையும் சேர்த்துச் சிரிக்கட்டும்.

பையருக்குப் போகிற பார்சல் எல்லாம் சாம்பிள் ரூமில்தான் கட்டுவார்கள். அங்கே இன்சார்ஜ் செல்வக்குமார் என்ற பையன், கெட்டவன் இல்லை. கவரை வாங்கிப் பிரித்தான். பையருக்கு அனுப்புகிற சாம்பிளில் அம்புக்குறி ஒட்டின ஒரு பீஸ் போய்விட்டால் அவன் வேலைக்கு உலை. அதுவும் ஒட்டியிருப்பது ஞானாம்பாள். பதினொன்றையும் உருவினான், வழக்கப்படி கத்தரியால் குறுக்கே வெட்டினான், வேஸ்ட் மூட்டையில் போட்டான். மீதி இருநூற்று மூன்று படத்தையும் அழகாக அடுக்கி, ஒட்டி, கூரியரில் அனுப்பினான். ஆடும் நாயும் புல்லும் ஞானாம்பாளின் காலும் விமானம் ஏறிப் போயின.

அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. படங்களில் அரிதான உயிர் எதுவும் இல்லை, கட்டிக்கொள்ளலாம். அனுசுயாவின் ரிப்போர்ட் வரட்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு வாரம், வெறும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஷிப்மென்ட் பிந்தினால் பையர் காலில் விழுந்து நாள் கேட்கிறவர்கள்தானே இவர்கள். வியாழக்கிழமை காலையில் இரண்டு பொக்லைன் வந்து நின்றன, அதுவும் வடக்கு மூலையிலிருந்து ஆரம்பித்தன.

ஞானாம்பாள் அப்போது ஷிப்டில் இருந்தார். மதியம் பொங்கியண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் தெரியும். இரண்டு பேரும் ஓடினார்கள். வடக்கு வேலி முழுக்க வேரோடு பெயர்ந்து கிடந்தது. வேரைப் புரட்டும்போது சின்னதாக என்னமோ துள்ளினதாக பொக்லைன்காரர் சொன்னார். பொழுது இறங்கும் வரை ஞானாம்பாள் முள்ளைக் கையால் ஒதுக்கித் தேடினார். ஒரு குட்டி கிடைத்தது. நசுங்கியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. தாய் என்ன ஆனது, வேறு குட்டி இருந்ததா என்று இன்று வரை தெரியாது.

மறுநாள் காலையில் கையெல்லாம் கீறலோடு சாம்பிள் ரூமுக்குப் போய், படங்களை அனுப்பினீர்களா இல்லையா என்று கேட்டார். மறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார். செல்வக்குமார் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டான். "அனுப்புனேனுங்க்கா. நீங்க ஸ்டிக்கர் ஒட்டுன பதினொண்ண மட்டும் கழிச்சுட்டேன்."

அந்தம்மா உட்கார்ந்துவிட்டாராம்.

"இருவத்தோரு வருசமா பழுதக் காட்டறதுக்கு ஒட்டுனேன் கண்ணு. அன்னைக்கு ஒரு நாளு நல்லதக் காட்டலாமுன்னு ஒட்டுனேன்."

அவன் அழுதுவிட்டான் என்றும் சொல்கிறார்கள். அழுதால் ஆச்சா? நெகட்டிவ் என்னிடம் இருந்தது. அன்றைக்கே பதினோரு படத்தையும் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன், நானே கூடப் போனேன். முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழகாக இருக்குதுங்களே என்றார். இனி அந்த அஞ்சு ஏக்கரை வைத்து என்ன பண்ணுவது, வேலியும் போச்சு, பூனையும் போச்சு, வெறும் மண்ணைக் காவல் காக்க முடியுமா என்று கேட்டார். சொன்ன சொல் என்ன ஆச்சுங்க என்று ஞானாம்பாள் கேட்டதற்கு, தப்பு நம்ம பக்கம் இல்லீங்களே அம்மிணி என்று சிரித்த முகமாகச் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அனுசுயா கட்டிலில் கிடந்தபடியே பையருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, பதினோரு படத்தையும் இணைத்து அனுப்பினார். மிகவும் வருந்துகிறோம், படங்கள் அற்புதம் என்று இரண்டு வரி வந்தது.

அடுத்த வருசம் பில்டிங் எழும்பிவிட்டது. செக்கிங் செக்‌ஷனை அங்கே மாற்றினார்கள். பொங்கியண்ணன் ஆடுகளை விற்றுவிட்டிருந்தார், ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வேலி இருந்த இடத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்து ஞானாம்பாள் பீஸ் பார்த்தார். எப்படி உங்களால் முடியுது என்று நான் கேட்டேன். வேறெங்கே போறதுங்க என்றார்.

ஆறு மாதம் கழித்து புது ஆர்டர் ஒன்று வந்தது. குழந்தைகள் போடுகிற டி-ஷர்ட், நாற்பதாயிரம் பீஸ். செல்வக்குமார் முதல் பீஸை எடுத்துக்கொண்டு நேராக அந்தம்மா மேஜைக்கு ஓடி வந்தான். பாவம், சந்தோஷப்படுவார் என்று நினைத்துவிட்டான். நெஞ்சுப் பக்கத்தில் பெரிதாக வேலிப்பூனையின் முகம். அனுசுயா அனுப்பின படத்தைப் பார்த்து பையருக்கு ஆசை வந்துவிட்டதாம். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஞானாம்பாள் கேட்டார். இதை வாங்குவதன் மூலம் இந்தப் பூனை வாழும் காட்டை நீங்கள் நேசிக்கிறீர்கள் என்று அவன் படித்துச் சொன்னான்.

ஞானாம்பாள் பீஸுக்குள் கையை விட்டு விரித்து, பூனை முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொன்னுபோட்டு நெஞ்சு மேல போட்டுக்கறீங்களாக்கு?"

அவர் பீஸை மடித்து அவன் கையில் கொடுத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மணி பதினொன்று. ஷிப்ட் நடுவில் எங்கேம்மா போறீங்க என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு அவர் நிற்கவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். வேலை முடிந்து போகிற பெண்கள் எல்லோரையும் நிறுத்துகிற மாதிரிதான். பையை வாங்கித் திறந்து, டிபன் பாக்ஸையும் திறந்து, அடியில் கையை விட்டுத் துழாவினார், கம்பெனிச் சொத்து எதையாவது எடுத்துக்கொண்டு போகிறாரா என்று. ஒன்றும் இல்லை, போங்க என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.