சம்பந்தம் வாங்கிய காவல் நாய்

செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சம்பந்தம், கடவுளைக்கூட ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். பக்கத்தில் பதினைந்து வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிற எனக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய ஆதார் அட்டையை நகல் எடுத்துக் கொடுத்தால், எனக்கென்று இன்னொரு நகல் எடுத்துக்கொண்டேனா என்று இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

வெளியாட்கள் மேல் இருந்தது பாதிச் சந்தேகம்தான். மீதி வீட்டுக்குள் இருந்தது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் அன்றைக்கு வேண்டிய பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் தன் கையால் அளந்து மனைவி ஞானம்பாளுக்கு எடுத்து வைப்பார். பிறகு சாமான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். பகலில் திடீரென்று, "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன்" என்று எழுந்து போவார். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருக்கும். தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைவார். உள்ளே அந்த அம்மா சீயமங்கலத்துத் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "யார்கிட்ட பேசற?" என்பார் இவர். முப்பத்தாறு வருடமாக இதுதான் குடித்தனம்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு கேஸ் சிலிண்டர் திருடு போனது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தருண் போன் செய்தான்.

"அம்மா பகல்ல தனியா இருக்குது நைனா. ஒரு லாப்ரடார் நாய் வாங்கிக்கலாம். ரொம்ப சாது. யார் வந்தாலும் சினேகமா பழகும்."

"யார் வந்தாலும்னா? திருடன் கூடவுமா?"

அதன்பின் ஒரு வாரம் சம்பந்தம் நாய் வீடியோக்கள் பார்த்தபடி என் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். பொமரேனியன் காற்றடித்தால்கூடக் குரைக்குமாம். எது நிஜக் குரைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக், மூச்சு வாங்கவே நேரம் போதாமல் கிடந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு பிடித்திருந்தது. ஆனால் சித்திரையில் நம்மூர்ப் பாறைகள் விடும் அனலுக்கு அது ஏசி கேட்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ராஜபாளையம். ஒரே ஒருவரைத்தான் தன் ஆளாக ஏற்கும், மற்ற யாரையும் லேசில் நம்பாது என்று வீடியோவில் சொன்னார்கள். காணாமல் போன தம்பியைக் கண்டுபிடித்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

குட்டி வந்த அன்றே ஈரத்துண்டால் தேய்த்து, வெள்ளை நிறம் போகிறதா என்று பார்த்தார். பெயர் வைக்கவில்லை. பெயர் தெரிந்தால் திருடன் கூப்பிட்டுவிடுவானாம். யாராவது விஷம் வைத்துவிடக்கூடும் என்பதால், அது ஒரே ஒருவர் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தக் கை தன்னுடையதாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை. நாலு வேளையும் கடையை வேலையாட்களிடம் விட்டு வர அவருக்கு மனசு வருமா? பத்தாவது நாள் ஞானம்பாளிடம், "நீயே போடு. வேற யார் கையும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அதைக் 'கண்ணு' என்று கூப்பிட்டார்.

ஒன்றரை வருடத்தில் கண்ணு சம்பந்தத்தின் இடுப்பு உயரம் வளர்ந்தது. ஒரு நாள் மத்தியானம் வழக்கம்போலக் கண்ணாடி தேடிப் போனார். கேட்டில் கை வைத்ததுதான் தாமதம், அது குரைத்த குரைப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டது. போன வேகத்திலேயே கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே ஆனது. சாமான் அறையில் நின்று அவர் அளந்தால் உறுமியது. குரலை உயர்த்தினால் அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றது.

"இவ சொல்லிக் குடுத்துருக்கா ராஜாராமு" என்றார் என்னிடம். "நான் வர்றது எதுக்கு முன்கூட்டியே தெரியணும்? மறைக்கறதுக்கு ஏதோ இருக்குது."

பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அனந்தபுரத்தில் வெற்றிவேல் என்பவரின் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்கு, நாயை அனுப்பிவிட ஏற்பாடு செய்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் கையால் சங்கிலி மாட்ட முடியாது என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் போனேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

வாசலில் மினி வேன் நின்றது. நான் குரல் கொடுத்தபடி முன்னால் நுழைய, சம்பந்தம் பின்னால் வந்தார். ஞானம்பாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணு எழுந்து நின்றது.

"அத கட்டு. அனந்தபுரத்துக்கு அனுப்பறேன்" என்றார் சம்பந்தம்.

"எதுக்கு?"

"வாங்கினவனையே உள்ள விடாத நாய் இன்னா நாயி?"

"கேட்டத் தொறந்து, 'ஞானம்'னு ஒரு கொரல் குடுத்துட்டு வாங்க. ஒண்ணும் பண்ணாது. தபால்காரர் அப்டித்தான் வர்றாரு."

"என் வீட்டுக்கு நான் சொல்லிட்டு வரணுமா?"

அந்த அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை.

"முப்பத்தாறு வருஷமா நீங்க என்னைய சந்தேகப்பட்டீங்க. தருண்கிட்டகூட நான் வாய தொறக்கல. எனக்காக உங்கள சந்தேகப்படறதுக்கு இப்பதான் ஒரு உசுரு வந்துருக்குது. அத அனுப்ப மாட்டேன்."

சம்பந்தம் என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைக் கீழே போட்டேன். நானே வெளியே போய் வேன்காரரைத் திரும்பிப் போகச் சொன்னேன். சம்பந்தமும் என் பின்னாலேயே வந்துவிட்டார். வேன் போன பிறகும் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞானம், உள்ள வரட்டா?"

கண்ணு குரைக்கவில்லை. திரும்பி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவர் கீழே வைத்த கீரைக்கட்டை எடுத்து, மிச்சத்தையும் ஆய்ந்து முடித்தார்.