கம்பிவடம் தடவும் காளிச்சாமி

கம்பிவடத்தைப் பழைய வேட்டித் துணியால் இறுகப் பிடித்து, முழம் முழமாகத் தடவிக்கொண்டே போவார் காளிச்சாமி. கண்கள் மூடியிருக்கும். கிணறு வெட்டும் கிரேன் அவருடையது. கிணத்துக்கடவில் என் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த வந்திருக்கிறார். தொண்ணூறு அடிக்குக் கீழே பாறையில் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது. மேலே தென்னைகள் மட்டை தொங்கி நிற்கின்றன. இந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் எனக்கு இருக்கிற அவசரம் அவருக்கு இல்லை. தினமும் இந்த அரைமணி நேரத் தடவல் முடியாமல் ஒருவரையும் கிணற்றுக்குள் இறக்க மாட்டார்.

"ஒரு இழை அறுந்திருந்தாக்கூடத் துணி மாட்டிக்குமுங்க. கண்ணு ஏமாத்திப்போடும்" என்பார்.

பதினைந்து வருடம் கடற்படையில் இருந்தவர். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒருநாள் மண்ணில் குச்சியால் அந்தத் தளத்தை வரைந்தார். இறங்கும் பாதையைக் கப்பலுக்கு நேராகப் போடாமல் ஒரு பக்கம் சாய்த்து இழுத்தார். அதன் குறுக்கே வடங்கள். விமானத்தின் வாலில் தொங்கும் கொக்கி அவற்றில் ஒன்றைக் கவ்வ வேண்டும்.

"தளத்தைத் தொட்ட ஒடனே பைலட்டு என்ன பண்ணுவாருங்க?"

"பிரேக் போடுவார்."

"அதானில்லீங்க! எஞ்சினை முழுசா முறுக்குவாருங்க. கொக்கி தவறுச்சுன்னா மறுக்கா எந்திரிச்சுப் பறக்கோணுமல்லங்க? அதுக்குத்தானுங்க பாதை சாஞ்சிருக்குது. நேராப் போட்டா முன்னால நிக்கற ப்ளேன் மேலயே போயி மோதோணும்."

நிற்க வேண்டியவன் முழுவேகத்தை முடுக்குகிறான்! ஆழியாறு அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத நான், அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

"வடம் அறுந்தா?"

"பைலட்டும் போச்சு, தளத்துல நிக்கறவன் காலும் போச்சுங்க. நான் இருந்த வரைக்கும் அறுகலீங்க. ஒவ்வொரு ப்ளேன் எறங்குனதுக்கப்பறமும் பாத்தமுங்க."

இன்றும் இழுபடும் வடத்துக்கு நேரே அவர் நிற்பதில்லை, யாரையும் நிற்க விடுவதுமில்லை. மேய்ந்துகொண்டே வந்த என் எருமையைக்கூட, "ஏனுங்க, இப்படி வந்துருங்க" என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டார்.

நேற்றுக் காலை துணி மாட்டியது.

என் அவசரத்தைப் பார்த்து, உள்ளே பாறை வெட்டும் வேலனும் அவன் மனைவி ரங்கம்மாளும் முன்கூட்டியே, வடத்தில் மாட்டிய இரும்புத் தொட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அறுந்திருந்தது ஒரே ஓர் இழை, தலைமுடிக் கனம். புது வடம் வர நாலு நாளாகும், அதற்குள் மரங்கள் காய்ந்துவிடும் என்று கெஞ்சினேன். "இத்தனை இழையில் ஒன்றுதானே, இன்றைக்கு மட்டும் இறக்குங்கள்" என்று கத்தவும் செய்தேன்.

காளிச்சாமி தொட்டியருகே போனார். "எறங்கு அம்மணி" என்று ரங்கம்மாளைக் கைகொடுத்து இறக்கினார். வேலனும் குதித்து இறங்கினான். பிறகு தோள் துண்டை எடுத்துத் தொட்டியின் அடித்தட்டை மண் போகத் துடைத்தார்.

"நீங்க ஏறிக்கோங்க" என்றார் என்னிடம், எருமைக்குக் கொடுத்த அதே மரியாதையோடு. "மெதுவா எறக்கறனுங்க."

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தொண்ணூறு அடிக்குக் கீழே என் தண்ணீர் மினுங்கியது. என் கால்கள் தாமாகப் பின்னால் வந்தன.

காளிச்சாமி உளியையும் சுத்தியலையும் தேடி எடுத்தார். துணி மாட்டிய இடத்தைக் கல்மேல் வைத்து, தன் வடத்தைத் தானே துண்டித்தார்.