ஒட்டகத்துக்குக் குதிரைக் கால்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்தில், இடப்பக்கச் சுவர் நாற்பத்திரண்டு அடி நீளம். அதில் நான்கு விலங்குகள் வரிசையாக நடந்து போகின்றன. முதலில் ஒற்றைத் திமில் ஒட்டகம். அடுத்து இரட்டைத் திமில் ஒட்டகம். அதன் பின்னால் திமிலே இல்லாத லாமா. கடைசியில், கம்பளி மூட்டைக்குக் கால் முளைத்தது போல அல்பாக்கா. நான்கும் ஒரே குடும்பம் என்று கீழே உள்ள பலகை சொல்கிறது. ஆனால் முன்னால் போகிற இரண்டும் தப்பாக நடக்கின்றன, பின்னால் வருகிற இரண்டும் சரியாக நடக்கின்றன. இது எப்படி நேர்ந்தது என்பதை, வரைந்தவளின் அக்கா என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் பத்தாம் வகுப்பு முடித்து, அருங்காட்சியகத்தில் வண்ணம் பூசும் வேலைக்குப் போனாள். பதினாறு வருடங்களாகப் பீடங்களுக்கு வெள்ளை அடிக்கிறாள், கைப்பிடிக் கம்பிகளுக்குக் கறுப்பு அடிக்கிறாள், பெயர்ப் பலகைகளுக்கு எழுத்துப் போடுகிறாள். அவள் போட்ட எழுத்தில் ஒன்று கோணியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒட்டகக் குடும்பத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவானபோது, இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "வெளியாள் எதுக்கு, நீயே போட்டுடும்மா" என்றார். மூலையில் அவள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதுவரை மற்றவர்கள் பெயரைத்தான் நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடும்போது இரண்டு முறை அதைச் சொன்னாள். ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

முதலில் நூலகத்தில் போய்ப் பழைய ஓவியங்களைப் பார்த்தாள். ஒரு ஓவியத்தில் ஒட்டகம் நடப்பது போல இன்னொன்றில் நடக்கவில்லை. அதனால் மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். பதினொரு மாதம், வார விடுமுறை ஒன்று விடாமல் போனாள். பழைய கேமரா ஒன்றை வாங்கி, கொட்டகைக்கு எதிரே மண்ணில் குந்தி, முட்டி உயரத்திலிருந்து கால்களை மட்டும் படம் எடுத்தாள். முதல் கட்டுப் படங்களைப் பார்த்த எங்கள் சித்தி, "ஏண்டி, இதுங்களுக்கு மூஞ்சியே கெடையாதா? காலுக்காடி இவ்வளவு செலவழிக்கிற?" என்று கேட்டாள்.

படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நான்கு கால்களும் ஒரே நிறம், பக்கத்திலிருந்து பார்த்தால் எது இடது எது வலது என்று தெரியவில்லை. அதற்குத்தான் நான் பட்டி தைத்துக் கொடுத்தேன். இடக்கால்களுக்குச் சிவப்பு, வலக்கால்களுக்கு நீலம், இரண்டு அங்குல அகலம். முடிச்சுப் போட்டால் மிருகம் உதைக்கும்போது அவிழாது என்பதால், இழுத்தால் கையோடு வருகிற ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தேன். அந்த மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் கீப்பர் கட்டிவிட்டார். லாமாவுக்குக் கட்டும்போது அது சின்னவள் மேல் துப்பியது. முகம், சட்டை, கேமரா எல்லாம் பச்சையாகிவிட்டது.

"ஒன்னை அதுக்குப் புடிச்சிருக்கு தங்கச்சி" என்றார் கீப்பர்.

"இதுவா அண்ணே புடிச்சிருக்கிற லட்சணம்?"

"புடிக்காதவங்க மேல ரெண்டாவது தடவையும் துப்பும்."

பட்டி கட்டிய பிறகு விஷயம் தெளிவாகிவிட்டது. ஒட்டகம் நடக்கும்போது இரண்டு சிவப்பும் சேர்ந்து முன்னால் போகின்றன. பிறகு இரண்டு நீலமும் சேர்ந்து போகின்றன. ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஜோடி. அதனால்தான் மேலே உட்கார்ந்தவர் படகில் போவது போல ஆடுகிறார். லாமாவும் அல்பாக்காவும் அப்படியேதான் நடந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நாள், நேரம், எந்த மிருகம் என்று நான் பென்சிலில் எழுதினேன். பேனா என்றால் மை ஊறிவிடும்.

சுவர் வேலை மூன்று மாதம் நடந்தது. முடிந்த அன்று நான் போய்ப் பார்த்தேன். அந்த நான்கும் நடந்தன. எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மூலையில், கட்டைவிரல் உயரத்தில், அவள் பெயர் இருந்தது.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டாள். அந்த நான்கு நாளில்தான் கலை ஆலோசகர் ஒருவர் வந்து சுவரைப் பார்த்திருக்கிறார். கால்கள் தப்பு, கற்றுக்குட்டி வேலை, இப்படி நடந்தால் மிருகம் கவிழ்ந்துவிடும் என்றிருக்கிறார். இயக்குநர் பயந்துபோய் விளம்பரப் பலகை எழுதும் ஒருவரை வரவழைத்திருக்கிறார். அவர் நாட்காட்டியில் ஓடிய ஒரு குதிரையைப் பார்த்து, இடது முன்னங்காலுக்கு வலது பின்னங்கால் ஜோடி என்று இரண்டு ஒட்டகங்களையும் குறுக்கே மாற்றினார். மூன்றாம் நாள் அவருக்கு வேறு கடையில் வேலை வந்துவிட்டது. லாமாவும் அல்பாக்காவும் அப்படியே இருக்கட்டும், அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆலோசகர் சொல்லிவிட்டாராம். குடும்பத்தைக் காட்டுவதற்கென்று வைத்த சுவரில் பாதிக் குடும்பம் குதிரையாகிவிட்டது. பெயர் மட்டும் சின்னவளுடையதாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனவள் பத்து மணிக்கே என் தையல் கடைக்கு வந்தாள். அழவில்லை. "அக்கா, அந்தப் படமெல்லாம் எங்க?" என்று கேட்டாள். வெட்டியிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, படங்கள் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

இயக்குநரின் அறையில் ஆலோசகரும் இருந்தார்.

"நீங்க?" என்றார் இயக்குநர்.

"இவளுக்கு அக்கா."

படங்களை மேசையில் வரிசையாக அடுக்கினேன். ஆலோசகர் இரண்டு படங்களை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "நான் முப்பது வருஷமா ஓவியம் பாக்குறவன்மா" என்றார்.

"ஒட்டகம் பாத்திருக்கீங்களா சார்?" என்றேன் நான்.

"ஓவியத்துல எவ்வளவோ பாத்திருக்கேன்."

"நான் கேட்டது ஒட்டகம் சார்."

அவர் மறுபடி மேசைப் பக்கம் குனிந்தார். ஒரு படத்தை விரலால் தட்டி, "இது கால் எடறுன நேரமா இருக்கும். கேமரால அப்படி விழும்" என்றார்.

"இருநூத்துப் பதினாலு தடவையும் எடறுச்சா சார்? பின்னாடி நேரம் போட்டிருக்கு, பாருங்க. பதினோரு மாசம் எடறிக்கிட்டேவா இருந்துச்சு?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "வர்றவங்க யாரும் காலை எண்ணிக்கிட்டு நிக்கப் போறதில்லம்மா. பெருசு பண்ணாதீங்க" என்றார்.

காலை எண்ணப் போவதில்லை என்றால் எதற்கு ஆள் வைத்து மாற்றினார்கள்? இதைக் கேட்க நான் வாயைத் திறந்தேன். சின்னவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"சார், ஒண்ணு காலைப் பழையபடி மாத்துங்க. நானே ரெண்டு நாள்ல மாத்தித் தர்றேன். இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க. அந்தக் காலுக்குக் கீழ என் பேரு இருக்கக் கூடாது."

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் ஜன்னலைப் பார்த்தார். "பேரை எடுத்துடலாம்மா" என்றார் இயக்குநர், பாரம் இறங்கியவர் போல.

பெயரை எடுக்கவும் அவளைத்தான் அனுப்பினார்கள். மணல் நிறத்தைக் கலந்து, சுவரோடு சேர்கிறதா என்று மூன்று முறை பார்த்து, பெயர் இருந்த சுவடே தெரியாமல் பூசினாள். நான் பக்கத்தில் நின்றேன். "திட்டா தெரியட்டுமே, கேக்குறவங்க கேக்கட்டும்" என்றேன்.

"சுவர் என்னக்கா பண்ணுச்சு?" என்றாள்.

திறப்பு விழாவுக்குக் கீப்பரையும் அழைத்திருந்தார்கள். அவர் மிருகங்கள்தானே. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏங்க, குதிரைக்கு ஒட்டகத் தோலைப் போத்தினது யாரு? பின்னாடி நம்ம லாமா ஒழுங்காத்தானே நடக்குது?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஆலோசகர் தேநீர் வைத்திருந்த பக்கம் நகர்ந்துவிட்டார். இயக்குநர் எங்களிடம் வந்து, கூட்டம் குறைந்ததும் கால்களை மாற்றுவதைப் பற்றிப் பார்க்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. கூட்டம் எப்போதோ குறைந்துவிட்டது. சின்னவள் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வண்ண அறைக்குப் போகிறாள். அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்கிறாள். நான் மாதத்தின் முதல் ஞாயிறன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், கூடத்து வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேட்டில் ஒரே வரியை எழுதிவிட்டு வருகிறேன்: முதல் இரண்டு மிருகங்களின் கால்கள் தப்பு. கீழே நாளும் நேரமும் போடுகிறேன். "விட்டுத் தொலையேன்க்கா" என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டைத் திறந்தபோது, அதற்கு முந்தைய மாதம் நான் எழுதிய வரிக்குக் கீழே, தெரியாத ஒருவரின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "ஆமாம், தப்புதான். பின்னால் வரும் இரண்டையும் வரைந்தது யார்? பெயரைக் காணோமே."

நான் அதன் கீழே அவள் முழுப் பெயரையும், கோணாமல், பேனாவிலேயே எழுதிவிட்டு வந்தேன்.