போட்டிக்காரர்கள் கூடும் அறை

மான்செஸ்டரில் கூட்டம் எதற்காவது போனால், எதிரே வருகிறவர்கள் என் கோட்டில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். மகேஸ்வரி என்பதில் பாதி வரைக்கும் வந்து, மூச்சு வாங்கி, "மே என்று கூப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்குக்கூடப் பழகிவிட்டேன். எனக்கு இன்னும் பழகாதது வேறொன்று. "நான் கிரஹாம். உங்கள் போட்டியாளர்" என்று ஒருவர் சிரித்த முகமாகக் கைகுலுக்கிவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு கோப்பை டீ எடுத்து வந்தார். மதுரையில் இப்படி ஒருவர் வந்து நின்றிருந்தால், அந்த டீயை நான் தொட்டிருக்க மாட்டேன்.

என் தொழில் ஆளுக்கு வேலையும் வேலைக்கு ஆளும் தேடித் தருவது. கணவர் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தார்; பின்னாலேயே வந்த நான் தெரிந்த தொழிலையே இங்கேயும் பிடித்துக்கொண்டேன். முதியோர் இல்லங்களுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிற சின்ன அலுவலகம் என்னுடையது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் ஓட்டல் அரங்கில் எங்களையெல்லாம் கூட்டி, வரும் ஆண்டில் தொழிலுக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று திரையில் காட்டுவார்கள். மாறப்போகும் தொழிலாளர் சட்டங்கள், வக்கீலிடம் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண், ஒப்பந்த மாதிரிகள், பயிற்சி வகுப்புகள் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் தலைவி ஹெலன் எங்களைப் பார்த்து, "உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது எது?" என்று கேட்பார். முதல் வருடம் நான் எழுந்து, மாடி வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின் என்று உண்மையைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. தொழிலில் உனக்கு என்ன கவலை என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று கிரஹாம் பிறகு காதோடு சொன்னார்.

மதுரையில் எங்கள் சங்கத்துக்குத் திரை கிடையாது. திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையின் மாடிதான் கூட்ட அறை. சங்கத்தின் பேனர் மற்ற நாட்களில் பால் கேன்களுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கும். மில், ஓட்டல், மருத்துவமனைகளுக்கு ஆள் அனுப்பும் நாங்கள் ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்போம். அங்கேயும் சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் வரும் ஆண்டுக்கான கூட்டம் நடக்கும். எல்லோருக்கும் அடையாள அட்டை, போலி ஏஜெண்டுகளைப் பற்றிக் கலெக்டரிடம் மனு என்று போன வருடம் பேசியதையே பேசுவோம். வடை தீர்ந்ததும் கூட்டமும் முடிந்துவிடும். தலைவர் காதர் பாய் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். எனக்கு எதிர்ப்பக்கம் கோச்சடை தவமணி அண்ணன் உட்காருவார். நான் பேசி முடிக்கும் தறுவாயில் இருக்கும் கம்பெனிக்குள் அவர் ஒரு நாள் முன்னால் நுழைந்துவிடுவார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என் அப்பா பிறர் வயலில் கூலிக்குப் போனவர். நாற்று நடும் காலத்தில் நிலக்காரர் வீட்டு வாசலில் அவர் போய் நின்று, "நாளைக்கு ஆள் வேணுமாய்யா" என்று கேட்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாகமலை புதுக்கோட்டைக் கல்லூரிகளில் பட்டம் முடித்த பிள்ளைகள் பிளாஸ்டிக் ஃபைலோடு என் அலுவலகத்துக்கு வரும்போது, நிற்க வைக்காமல் முதலில் உட்காரச் சொல்வேன். அது ஒன்றுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு தைமாதம், நான் ஆள் அனுப்பியிருந்த நூல் மில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் கட்டைப்பையும் தலையணையுமாக என் அலுவலகப் படிகளில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போனால் திரும்ப வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், கல்யாணம் பேசிவிடுவார்கள் என்று ஒருத்தி அழுதாள். என்னிடம் வேறு மில் இல்லை. காதர் பாய்க்குப் போன் செய்தேன். அன்றைக்கே மாடியில் எல்லோரையும் கூட்டிவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தவமணி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம்புட்டுப் பேருத்தா?" என்று என்னிடம் நேராகக் கேட்டார். சொன்னேன். "பாதிப் பேத்த நான் எடுத்துக்கிறேன். கப்பலூர்ல கம்பெனிக்காரன் ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான். மிச்சத்த நீங்க பாருங்க பாய்."

"இன்ஷா அல்லா, பாத்துருவோம்" என்றார் காதர் பாய்.

அந்த வாரத்துக்குள் அத்தனை பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதமே தவமணி அண்ணன் என்னிடமிருந்து இன்னொரு கம்பெனியைத் தட்டிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பழைய கோபம் இல்லை.

இந்த ஜனவரியில் ஹெலன் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, நான் உண்மையிலேயே தூங்காமல்தான் வந்திருந்தேன். நான் பராமரிப்பாளர்களை அனுப்பியிருந்த ஒரு முதியோர் இல்லம், வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் உரிமத்தை இழந்துவிட்டது. குறிப்பிட்ட கெடுவுக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்கள் நாட்டை விட்டே போக வேண்டும். நைஜீரியாவிலிருந்து வந்த பிளெஸ்ஸிங், "என் மகனுக்கு இப்போதுதான் பள்ளியில் ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான்" என்று மட்டும் சொன்னாள். மதுரைக்காரி ஜெயந்தி தன் விசா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சங்கத்தின் வக்கீல் எண்ணுக்குப் பேசினேன். மிகச் சரியான, மரியாதையான பதில் வந்தது. ஆனால் அதில் ஒரு வேலையும் இல்லை.

எழுந்து நின்று, அந்தப் பெண்களை இங்கே இருப்பவர்கள் ஆளுக்குச் சிலராக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஹெலன் அதைக் குறித்துக்கொண்டார். இடைவேளையில் கிரஹாம் வந்தார்.

"எவ்வளவு கமிஷன் எதிர்பார்க்கிறீர்கள், மே?"

"எதுவும் வேண்டாம்."

அவர் முகம் மாறியது. "அப்படியானால் அவர்களிடம் என்ன குறை?"

சும்மா கொடுத்தால் சொத்தை என்று நினைக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. குறை எதுவும் இல்லை என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டீக்கடை மாடியையும் தவமணி அண்ணனையும் பற்றிச் சொன்னேன். "அந்த ஆள் உங்கள் நண்பரா?" என்று கேட்டார். இல்லை, போட்டிக்காரர் என்றேன். மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்டாக்போர்ட்டில் ஓர் இல்லம் இருக்கிறது, நான்கு பேரை அனுப்புங்கள் என்றார். ஹெலன் மற்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். இனிமேல் இப்படி நேர்ந்தால் ஒருவரின் ஆட்களை மற்றவர்கள் ஏற்பதையும் வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜெயந்திக்கு மட்டும் கைகூடவில்லை. அவளை எடுத்துக்கொள்ள இருந்த இல்லம் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை இறக்கிவிட்டு, "ஊர்ல போயி என்னன்னுக்கா சொல்றது?" என்று கேட்டாள். அன்றைக்குத் தவமணி அண்ணனுக்குப் போன் போட்டேன். "வரச் சொல்லுத்தா, ஆஸ்பத்திரில பாத்துக்குவோம்" என்றார். இப்போது அவள் மதுரையில் வேலையில் இருக்கிறாள். எனக்கு இன்னும் அவள் போன் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைச் சங்கத்தின் கூட்டம். என்னையும் வீடியோவில் கூப்பிட்டிருந்தார்கள். பிளெஸ்ஸிங்கைப் பார்க்கப் போன நான், அவள் வேலை செய்யும் ஸ்டாக்போர்ட் இல்லத்தின் வாசலில் காரை நிறுத்தி, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன். திரையில் டீக்கடை மாடி. ஜன்னலுக்கு வெளியே மலை மேல் சாயங்கால வெயில். காரின் கண்ணாடியில் மழை. வருகைப் பதிவில் என் பெயரை உறுப்பினர், விருந்தினர் எதில் எழுத என்று செயலாளர் கேட்க, "ஏப்பா, மகேசுகிட்ட கேட்டு எழுதணுமாக்கும்? மொதல்ல அது பேசட்டும்" என்றார் காதர் பாய். நான் வாயைத் திறக்கும்போது இல்லத்தின் கதவு திறந்தது. பிளெஸ்ஸிங் சீருடையோடு நனைந்தபடி நின்று, உள்ளே வரும்படி கையசைத்தாள். போனில், "மகேசு, கேக்குதாத்தா?" என்றார் தவமணி அண்ணன். இரண்டு பக்கத்திலும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கையை உயர்த்தி, "இந்தா வாரேன்" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.